கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவரின் முதுகு

பக்கவாதம் வந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி தருவார்கள். மாத்திரையின் பெயர், போட வேண்டிய வேளை, மறுபடி வர வேண்டிய தேதி எல்லாம் அதில் இருக்கும். 60 கிலோ எடையுள்ள மனிதரை நாளைக் காலையில் யார் புரட்டப்போகிறார்கள், எப்படிப் புரட்டுவது என்பது மட்டும் இருக்காது. அந்த 'யார்' பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். சில மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனால், படுத்திருப்பவரின் பிரஷர் மருந்து மணி தவறாமல் போய்க்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவர் தன் பிரஷர் மாத்திரையைக் கடைசியாக எப்போது போட்டார் என்று கேட்டால் யோசிப்பார்.

"உங்க உடம்பையும் பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லாத ஆளில்லை. கூடவே யோகா, தியானம், மனசுக்குப் பிடித்த பாட்டு. தப்பில்லைதான். ஆனால் சேர்ந்தாற்போல 20 நிமிடம் கிடைக்காதவரிடம் இதைச் சொன்னால், ஏற்கெனவே இருக்கும் வேலைப் பட்டியலில் இன்னும் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். பராமரிப்பவரின் உடம்பு முதலில் உடைவது இடுப்பில், அடுத்து தூக்கத்தில். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரு நினைப்பு: "இதை என்னைத் தவிர யாராலும் செய்ய முடியாது." அது பாசத்தில் வருவதுதான். ஆனால் ஆளை முழுசாக விழுங்குவதும் அதுதான்.

இடுப்பிலிருந்து தொடங்குவோம். நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் தாங்கக்கூடிய பாரத்துக்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் வைத்திருக்கும் வரம்பு 35 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிலோ. மனித உடம்பில் ஒரு கால் மட்டுமே மொத்த எடையில் ஆறில் ஒரு பங்கு வரும். 60 கிலோ ஆளின் ஒற்றைக் கால் 10 கிலோ. ஆக, முழு ஆளையும் தூக்குவது பயிற்சி பெற்ற செவிலியருக்கே ஆகாத காரியம். 'தூக்கு' என்ற சொல்லையே அந்த அறையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. புரட்டலாம், சறுக்கலாம், சாய்த்து எழுப்பலாம். தூக்கக் கூடாது.

வீட்டுக் கட்டில்கள் பெரும்பாலும் முழங்கால் உயரம்தான் இருக்கும். அதில் படுத்திருப்பவரைத் துடைத்து, டயபர் மாற்றி, வாய் கழுவிவிட ஒரு நாளில் எத்தனை தடவை குனிய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். எழுந்து உட்கார முடியாதவர் என்றால் மெத்தையின் மேற்பரப்பு உங்கள் தொடையின் மேல்பகுதிக்கும் இடுப்புக்கும் நடுவில் வருமாறு கட்டிலை உயர்த்துங்கள். கட்டில் கால் உள்ளே உட்காரும்படி குழி வெட்டிய மரக்கட்டை நாலு, தச்சர் ஒரு மணி நேரத்தில் செய்து தருவார். செங்கல்லை அடுக்கி வைப்பது ஆபத்து. பக்கவாட்டில் தள்ளும்போது கட்டில் நழுவும். உட்கார்ந்து எழக்கூடியவர் என்றால் கட்டிலை உயர்த்தக் கூடாது. அவர் பாதம் தரையில் பதியாவிட்டால் விழுவார். அப்போது நீங்கள் குனிவதற்குப் பதில் ஒரு முழங்காலை மெத்தைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள், அல்லது ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள். உயரம் கூட்டிக் குறைக்கும் கட்டில் சர்ஜிக்கல் கடைகளில் மாத வாடகைக்கே கிடைக்கிறது. வாங்குமுன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

புரட்டும்போது உங்கள் பக்கமாகப் புரட்டுங்கள். எதிர்ப்பக்கம் தள்ளினால் அவர் உருண்டு விழுவார். அதைப் பிடிக்கத் தாவும் நொடியில்தான் உங்கள் முதுகு பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் அவருடைய முழங்காலை மடக்கி நிறுத்துங்கள். அந்தப் பக்கத்துக் கையை நெஞ்சின் மேல் வையுங்கள். உங்கள் ஒரு கை அவருடைய தோள்பட்டையின் பின்புறம், இன்னொரு கை இடுப்பெலும்பின் பின்புறம். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து நின்று, கையால் இழுக்காமல் உடம்பின் எடையைப் பின்காலுக்கு மாற்றுங்கள். அவர் தானாக வந்துவிடுவார். வாதம் அடித்த கையைப் பிடித்து மட்டும் இழுக்க வேண்டாம். அந்தத் தோளில் தசையின் பிடி தளர்ந்திருப்பதால் மூட்டு கீழே இறங்கிவிடும். பிறகு தொட்டாலே அவர் கத்துவார், ஒவ்வொரு தடவை புரட்டுவதும் இரண்டு மடங்கு கஷ்டமாகிவிடும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலும் இதேதான்.

தலையணையிலிருந்து சறுக்கிக் கீழே வந்துவிட்டவரை மேலே நகர்த்துவதுதான் முதுகுக்கு ரொம்ப மோசமான வேலை. முதலில் தலைப்பக்கத்தைத் தாழ்த்திக் கட்டிலைச் சமமாக்குங்கள். சாய்ந்த நிலையிலேயே நகர்த்த முயல்வது மேட்டில் வண்டி தள்ளுவது மாதிரி. தோளிலிருந்து தொடை நடுவரை வரும்படி ஒரு பெட்ஷீட்டை மடித்து அவருக்கு அடியில் எப்போதும் விரித்திருந்தால், இருபக்கமும் ஆளுக்கொருவர் அதைச் சுருட்டிப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சேர்ந்து நகர்த்தலாம். நல்ல காலை மடக்கி ஊன்றி அவரும் தள்ளட்டும். வீட்டில் ஒற்றை ஆள்தான் என்றால், வழுவழுப்பான பழைய சிந்தெடிக் சேலையை இரண்டாக மடித்து அவருக்கு அடியில் கொடுத்துப் பாருங்கள். மடிப்பின் இரண்டு அடுக்கும் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதால் பாதி பலம் போதும். வேலை முடிந்ததும் சேலையை உருவிவிட வேண்டும். மறந்தால் மறுபடி கீழே சறுக்கிக்கொண்டே போவார். அந்தத் தேய்ப்பில் தோல் போய்விடும்.

சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலி அவருடைய நல்ல பக்கம் இருக்க வேண்டும், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக. பிரேக் போட்டு, கால் பலகையை மடக்கிவிட்டு, அவரைக் கட்டிலின் விளிம்புக்கு நகர்த்தி, பாதத்தைப் பின்னால் இழுத்து ஊன்றச் செய்யுங்கள். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். அவருடைய வாதக்கால் முழங்காலை உங்கள் முழங்காலால் முட்டுக்கொடுங்கள். "முன்னாடி சாயுங்க, இன்னும் சாயுங்க" என்று, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை சாய்க்க வேண்டும். அப்போதுதான் பின்புறம் தானாக எழும். நேராக மேலே இழுத்தால் முழு எடையும் உங்கள்மேல்தான். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள ஒருநாளும் விடாதீர்கள். கால் மடங்கினால் இருவரும் சேர்ந்து விழுவீர்கள்.

விழுந்துவிட்டால்? உடனே தூக்கப் போகாதீர்கள். தலைக்கு ஒரு தலையணை கொடுத்து, பேச்சு சரியாக இருக்கிறதா, எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். ஒரு கால் குட்டையானது போலத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டு, அவர் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தாலும் அப்படித்தான். அடி ஒன்றுமில்லை என்றால், பக்கத்து வீட்டு ஆட்கள் வரும்வரை தரையிலேயே போர்வை போர்த்திப் படுக்க வைப்பதில் எந்தக் கேடும் இல்லை. தரையில் பத்து நிமிடம் கிடந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்ற கூச்சத்தில் தனியாகத் தூக்கி, டிஸ்க் விலகி, வீட்டில் இரண்டு கட்டில் ஆனவர்கள் உண்டு.

அடுத்தது தூக்கம். நாள் பூராவும் துண்டு துண்டாக ஏழு மணி நேரம் தூங்குவதைவிட, ஒரே நீட்டாக நாலைந்து மணி நேரம் கிடைப்பது மேல். அதற்கு ராத்திரியை இரண்டாகக் கிழிக்க வேண்டும். 10 மணியிலிருந்து 3 மணிவரை ஒருவர், அதற்கு மேல் இன்னொருவர். தூங்கும் ஷிப்ட் ஆள் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. ஒரே அறையில் படுத்தால் ஒவ்வொரு இருமலுக்கும் இரண்டு பேரும் எழுவீர்கள். கூப்பிடக் கஷ்டப்படுபவருக்கு வயர் இல்லாத காலிங்பெல்லின் பொத்தானை நல்ல கைப்பக்கம் கட்டிலில் ஒட்டிவிட்டால் போதும். மணி, விழித்திருப்பவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ராத்திரி எழுப்புபவை நாலே விஷயம்: புரட்டுவது, சிறுநீர், வயிறு, மூக்கு வழியாக உணவு கொடுக்கும் குழாய். ஒவ்வொன்றையும் பகலிலேயே பாதி முடித்துவிடலாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பதுதான் பாடம். தோல் நன்றாக இருந்து, பம்ப்பால் காற்று நிரப்பும் மெத்தையான ஏர் பெட்டும் சரியாக வேலை செய்தால், இரவில் மட்டும் அந்த இடைவெளியை 3 அல்லது 4 மணி நேரமாக நீட்டலாமா என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். நீங்களாகக் கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். நீட்டினால் காலையில் தோலைப் பார்க்க வேண்டும்: வால் எலும்பு, இடுப்பின் இருபக்கம், குதிகால். சிவந்த இடத்தை விரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது, இடைவெளியைப் பழையபடி குறைக்க வேண்டும். நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குதிகால் மெத்தையில் படாமல், கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் அந்தக் கவலை தீர்ந்தது.

ஏர் பெட் வாங்கிய பல வீடுகளில் அது சும்மாதான் கிடக்கிறது. அதன்மேல் ரெக்ஸின், ரெக்ஸின் மேல் போர்வை, போர்வைமேல் இன்னொரு விரிப்பு என்று போட்டு அதன் வேலையையே கெடுத்திருப்பார்கள். ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும். அவருடைய இடுப்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள்: கைக்கும் அவர் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். பம்ப்பை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். கரண்ட் போன இரவில் மெத்தை மெதுவாகத் தட்டையாவது யாருக்கும் தெரியாது.

சிறுநீருக்கு, மருத்துவர் தடுக்கவில்லையென்றால் நாளின் தண்ணீரில் பெரும்பங்கை மாலை 6 மணிக்குள் கொடுத்துவிடலாம். ஆண்களுக்கு இரவில் மட்டும், ஆணுறை போல வெளியே மாட்டும் காண்டம் வகைக் குழாய் போட்டால் டயபர் மாற்ற எழ வேண்டாம். உள்ளே போகும் குழாய் இருந்தால், சிறுநீர் சேரும் பை அவருடைய சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். படுக்கப் போகுமுன் காலி செய்யுங்கள். வயிற்றுக்குத் தினம் ஒரே நேரம் பழக்குவதுதான் மருந்து. காலை உணவு உள்ளே போன அரை மணி நேரத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் காமோட் சேரில் உட்கார வைத்தால் பாதி நாட்களில் வேலை முடியும். மூன்று நாள் போகாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். அதற்குப் பிறகு தண்ணீராகப் போனால், இறுகிய மலத்தைச் சுற்றி வழிவதாக இருக்கலாம். வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

மூக்குக் குழாய் அடைத்துக்கொண்டால் பாதி ராத்திரியில் ஆட்டோ பிடிக்க வேண்டி வரும். உணவுக்கு முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாக நன்றாகப் பொடித்துக் கரைப்பது, நடுவில் கொஞ்சம் தண்ணீர். இவ்வளவு செய்தால் பெரும்பாலும் அடைக்காது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. மருந்துக்கடையில் பட்டியலைக் காட்டி எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊட்டும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், முடிந்து ஒரு மணி நேரம்வரை அப்படியே. உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆனால் மறுபடி மருத்துவமனை, மறுபடி நீங்கள்தான் பெஞ்சில் படுக்க வேண்டும்.

இனி உங்கள் மாத்திரை. அவருடைய மாத்திரை டப்பாவிலேயே உங்களுக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். நிறம் மாற்றிக்கொள்ளுங்கள், கலந்துவிடக் கூடாது. அவருக்கு பிரஷர் பார்க்கும் கையோடு உங்களுக்கும் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்திருப்பவருக்கு நோய்த்தணிப்பு செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருவார்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடம் "எனக்கும் பாருங்க" என்று சொல்வதில் வெட்கம் எதற்கு? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தால் போதும்.

சாப்பாட்டில் நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அவருக்குக் கஞ்சி நேரத்துக்குப் போகும். பார்த்துக்கொள்பவர் நின்றுகொண்டே மிச்சத்தை வழித்துப் போட்டுக்கொள்வார், நடுவில் ஆறு டீ. சர்க்கரை ஏறுவதும் ஹீமோகுளோபின் இறங்குவதும் இப்படித்தான். அவருக்கு ஊட்டி முடித்துத் தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் உங்கள் சாப்பாட்டு நேரம், வேறு வேலைக்கு அதைத் தொடாதீர்கள். பெண்கள் சிறுநீரை அடக்கிக்கொண்டு அவருக்கு டயபர் மாற்றுவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். முதலில் நீங்கள் போய்விட்டு வாருங்கள். அவர் டயபரில்தானே இருக்கிறார்.

கோபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பக்கவாதத்துக்குப் பின் சிலர் காரணமில்லாமல் அழுவார்கள், திட்டுவார்கள், ஊட்டியதைத் துப்புவார்கள். மூளையில் அடிபட்ட இடம் செய்யும் வேலை அது. தெரிந்தாலும் மூன்றாவது முறை துப்பும்போது கை ஓங்கத்தான் தோன்றும். அந்த நொடிக்கு ஒரே விதி: பக்கக் கம்பியை ஏற்றுங்கள், வாயில் சோறு இல்லையென்று பாருங்கள், மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ பத்து நிமிடம் போய்விடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. "சீக்கிரம் போய்ச் சேர்ந்தா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்ற நினைப்பு வருவது பாவமும் அல்ல, அபூர்வமும் அல்ல. ஆனால் அடிக்கடி கத்துகிறீர்கள், அடித்தே விட்டீர்கள், தூக்கம் கிடைத்தாலும் தூங்க முடியவில்லை, நீங்களே செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது களைப்பில்லை, மருத்துவம் பார்க்க வேண்டியது. அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-உம் உண்டு.

இத்தனைக்கும் இரண்டாவது ஆள் வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்பது பாதி வீடுகளில் உண்மை. மீதிப் பாதியில், ஆள் இருந்தும் அவருக்கு வேலை தெரியாது. தெரியும்படி யாரும் சொல்லவில்லை. எல்லாம் ஒருவர் தலைக்குள்ளேயே இருக்கிறது. அதை இறக்கி ஒரு தாளில் எழுதுங்கள், ஒரே பக்கம். மணிவாரியாக என்ன மாத்திரை, எத்தனை மில்லி உணவு, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் சாய்ப்பது, தலையணை எங்கெங்கே, எதற்கு அலர்ஜி, அவர் "ம்ம்" என்று இரண்டு தடவை சொன்னால் என்ன அர்த்தம், மருத்துவர் எண். புரட்டுவதையும் குழாயில் ஊட்டுவதையும் செல்போனில் தலா இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். தாள் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். பீரோவுக்குள் இருந்தால் எழுதாததற்குச் சமம்.

இனி "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருபவரிடம் பதில் தயாராக இருக்கும்: "சனிக்கிழமை மூணுலேர்ந்து அஞ்சுவரைக்கும் மாமா பக்கத்துல உக்காந்திருக்க முடியுமா?" பெரும்பாலோர் உட்காருவார்கள். இதுவரை யாரும் அவர்களை அப்படிக் கேட்டதில்லை.

கூடப் பிறந்தவர்கள் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. வெளியூரில் இருப்பவர் வாரம் ஒரு போன் செய்து ஆலோசனை சொல்வதும், இங்கே இருப்பவர் பல்லைக் கடிப்பதும், கடைசியில் சொத்துப் பேச்சில் வெடிப்பதும் நமக்குத் தெரிந்த கதை. யாருக்கு எந்த வேலை என்று முதல் மாதமே எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள். உடம்பால் செய்ய முடியாதவர் பணத்தாலும் காகிதத்தாலும் செய்யலாம்: மருந்து ஆர்டர், இன்சூரன்ஸ், அட்டெண்டர் சம்பளம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. ஊனம் 75 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அலைச்சலை வெளியூர் அண்ணன் லீவில் வரும்போது பார்க்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் வந்து பொறுப்பை முழுசாக ஏற்கட்டும். வந்து பார்த்துவிட்டுப் போவது கணக்கில் சேராது. செலவு நோட்டு ஒன்று எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும்.

சம்பளத்துக்கு ஆள் வைத்தால் முதலில் கேட்க வேண்டியது செவிலியரா அட்டெண்டரா என்பது. குழாய் மாற்றுவது, ஊசி போடுவதெல்லாம் அட்டெண்டர் வேலை இல்லை. '24 மணி நேர ஆள்' என்று ஏஜென்சி சொல்வதை நம்பி இரவு முழுவதும் அவரை எழுப்பினால் பத்தாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவரும் தூங்க வேண்டும், வாரம் ஒரு நாள் லீவு வேண்டும், உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டும். முதல் மூன்று நாள் கூடவே நின்று தாளின்படி செய்யச் சொல்லிப் பாருங்கள். நாலாம் நாள் அறையை விட்டு வெளியே வாருங்கள்.

அப்போதும் வெளியே வர மனசு வராது. அதனால் முதல் தடவை இரண்டே மணி நேரம். மருந்துக்கடைக்கும் காய்கறிக்கும் போவது அதில் சேராது. கோயில் பிரகாரம், தங்கச்சி வீடு, பார்க் பெஞ்ச், எங்கே வேண்டுமானாலும். போன் கையில் இருக்கட்டும், ஆனால் அவர்கள் கூப்பிட்டால்தான் எடுப்பது. நீங்களாகக் கூப்பிட்டு "புரட்டினீங்களா" என்று கேட்கக் கூடாது. திரும்பி வந்து பார்த்தால் தலையணை தப்பான பக்கம் இருக்கும், கஞ்சி 200 மில்லிக்குப் பதில் 150 போயிருக்கும், சட்டை பொத்தான் மாறி மாட்டியிருக்கும். ஒன்றும் சொல்லாமல் அவரைப் புரட்டித் தோலைப் பாருங்கள். சிவப்பு இல்லையென்றால் தாளை எடுத்து, தலையணை எந்தப் பக்கம் என்ற வரியை இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு, அடுத்த வாரம் மூன்று மணி நேரம் போங்கள்.